பதுளையின் மேஜர் றொஜர்ஸ்



பதுளை நகரின் நடுவே தூய மாற்கு ஆலயம் என்றொரு பழைய அங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. 1857ஆம் ஆண்டில் வழிபாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்டது. அதனுள்ளே ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. இலங்கை றைபிள் படையின் மேஜராகவும், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும், மாவட்ட நீதிபதியாகவும் விளங்கிய தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் ஞாபகமாக, எல்லாத் தரத்து நண்பர்களும் தோழர்களும் அவரை வியந்து போற்றியோரும் கூடி இவ்வாலயத்தை எழுப்பினர் என்று அக்கல் கூறுகிறது. அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து, தமது 41ஆம் வயதில் மாண்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

போர்க்களத்தில் வீரங்காட்டிய படைத்தலைவருக்கு மார்பில் பதக்கம் அணிவிப்பர். இறந்தபின் நாற்சந்தியில் சிலை நிறுத்துவர். பெரும் போர் எதிலும் புகழ் ஈட்டாத இப்படைத்தலைவருக்கோ ஒரு கோயிலே கட்டியிருக்கிறார்கள். இத்தகைய மரியாதை பெற்ற மனிதர் யார், இதனை எதனால் பெற்றார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கல் சொல்வது அவருடைய பதவிகளை. ஊவாவில் வழிவழியாக வரும் பேச்சோ அவருடைய யானைகளைப் பற்றியது. ஆயிரத்து நானூறு காட்டு யானைகளைச் சுட்டுக் கொன்றவர் மேஜர் றொஜர்ஸ். அந்தப் பாவத்துக்குத்தான் வானம் அவரை எரித்தது. அதுவும் போதாதென்று நுவரெலியாவிலுள்ள அவருடைய சமாதியையும் இடி பிளந்தது. இதுவே பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வழங்கும் கதை. கதை கேட்க இனிமையாகவே இருக்கிறது. எனினும் அதனை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன்னர், அவர் வந்து சேர்ந்த ஊவாவின் நிலையைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லசவிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த அரசாங்கப் பிரதிநிதி வில்சன் என்பவர் அதன் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பிட்டிப்பொல திசாவையோ தாமே கிளர்ச்சியாளருடன் சேர்ந்து தலைமை ஏற்றார். 1818 நவம்பரில் அவர் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இவை பாடப்புத்தகங்களில் உள்ளவை. அவ்வளவாகப் பேசப்படாதது, அடக்கிய முறை. ஊர்கள் எரிக்கப்பட்டன. நெற்களஞ்சியங்கள் சாம்பலாயின. மாடுகள் கொல்லப்பட்டன. வாளுக்குத் தப்பியவரைப் பசியும் காய்ச்சலும் கொண்டுபோயின. வெல்லச என்ற பெயருக்கு நூறாயிரம் வயல் என்பது பொருள். அந்த வயல்களிற் பெரும்பகுதி உழுவாரின்றிக் கிடந்தது. உழாத நிலத்தில் காடு ஏறும்; காடு ஏறிய இடத்துக்கு யானை வரும். பின்னாளில் ஊவாவில் யானை மிகுதி என்று துரைமார் எழுதிவைத்தார்களே, அந்த மிகுதியில் ஒரு பங்கு அவர்களுடைய படையே விளைத்தது என்று கருத இடமுண்டு.

அத்தகைய நாட்டுக்குத்தான் றொஜர்ஸ் அதிகாரியாக வந்தார். ஊவா அக்காலத்தில் தனி மாகாணமன்று. மத்திய மாகாணத்தின் ஒரு பகுதி. தனி மாகாணமானது 1886இலேதான். 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் யோசனைப்படி ஆட்சிச் செலவு சுருக்கப்பட்டபோது, தூரத்து மாவட்டங்களுக்குத் தனியாகச் சிவில் அதிகாரிகளை அனுப்பப் பணம் போதவில்லை. ஆகவே அங்கங்கே காவலிருந்த படை அதிகாரிகளிடமே சிறிது மேற்சம்பளத்துடன் சிவில் வேலையும் ஒப்படைக்கப்பட்டது. பதுளையில் கோட்டைக் காவல், வரி, வழக்கு, பாதை ஆகிய யாவும் ஒரே மனிதர் கையில் வந்து சேர்ந்தது இப்படித்தான். காலையில் படையணியைப் பார்வையிட்ட அதே மனிதர், நண்பகலில் நீதாசனத்தில் அமர்ந்து காணி வழக்குக் கேட்பார். மேன்முறையீடு செய்ய விரும்பியவன் கண்டிக்கு மலையேறி நடக்கவேண்டும்.

அவருடைய இலங்கை றைபிள் படை பெயரளவிலேதான் ஆங்கிலேயரது. அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்களிற் பெரும்பாலோர் மலாயர், ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களும் இந்தியச் சிப்பாய்களும் சிலர் இருந்தனர். 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. பதுளை நகரில் இன்றும் மலாயக் குடும்பங்கள் வாழ்வதைக் காணும்போது அந்தப் படையணியின் நினைவு வருவது இயல்பே.

பாதை வேலையில் றொஜர்ஸ் பெரிதும் ஊக்கங்காட்டினார் என்பதில் ஐயமில்லை. ஊவாவின் முதற்பாதைகள் பலவற்றை அவர் பெயருடன் சேர்த்துச் சொல்வர். அதே 1804ஐ ஒட்டிப் பிறந்து, அதே படையிலிருந்து வந்த தோமஸ் ஸ்கின்னர் தீவு முழுவதற்கும் பாதை போட்டுப் பெரும்புகழ் பெற்றார். அறுபது வயதைக் கடந்து, 1867இல் ஓய்வு பெற்றார். தம் வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்தார். றொஜர்ஸ் எழுதிவைக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் இறந்தவருக்கு அதற்கு அவகாசம் ஏது? நாம் அறிவனவெல்லாம் பிறர் எழுதியவை. அந்தப் பிறரிலும் பெயர்பெற்ற இருவர், அதாவது குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனண்டும் வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரும், இத்தீவிலே நிலைத்திருந்தது றொஜர்ஸ் இறந்த பின்னரே. செவிவழியாகக் கேட்டதை அவர்கள் எழுதினர். செவிவழிச் செய்தி வளரும் இயல்புடையது. யானைகளின் தொகை ஓரிடத்தில் ஆயிரத்து இருநூறு, ஓரிடத்தில் ஆயிரத்து முந்நூறு. டெனண்டின் நூலில் ஆயிரத்து நானூறுக்கும் மேல்.

இத்தொகையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். அவருடைய வேட்டைக்காலம் பதினைந்து ஆண்டுகள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் சராசரி நான்கு நாளைக்கு ஒரு யானை விழவேண்டும். வழக்குக் கேட்டு, வரி தண்டி, பாதை போட்ட மனிதருக்கு இஃது எப்படி இயன்றது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே நாளில் ஒரு கூட்டம் முழுவதையும் வளைத்து வீழ்த்தியிருந்தாலன்றி இக்கணக்கு நேராகாது. இலங்கையில் 2011ஆம் ஆண்டு எடுத்த யானைக் கணக்கெடுப்பில் தீவு முழுவதற்கும் கிடைத்த தொகை 5,879. அதனோடு ஒப்பிட்டால், இந்த ஒரு மனிதர் துப்பாக்கிக்கு இரையானவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

அவரை உயிருடன் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. 1844இல் பிரசிய நாட்டு இளவரசர் வால்டெமார் இலங்கைக்கு வந்தார். அவருடன் வந்த வைத்தியர் ஹொவ்மைஸ்டர் என்பவர் மேஜரின் வீட்டைக் குறித்து எழுதியிருக்கிறார். ஓர் அறை நிறையத் தந்தங்கள். தாழ்வாரத்துக் கதவுகள் தோறும் காவலர்போல் நிறுத்திய பெருந்தந்தங்கள். உணவுக் கூடத்தின் மூலைகளிலும் அவையே. அந்த வைத்தியர் அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் பஞ்சாப்பில் பெரோஸ்ஷா என்னுமிடத்தில் நடந்த போரில் குண்டுபட்டு இறந்தார். காட்டியவரும் கண்டவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர், எழுத்துமட்டும் எஞ்சியது.

அந்த வைத்தியர் தரும் இன்னொரு விவரம் பலர் கண்ணிற் படுவதில்லை. வீழ்ந்த யானைகளுள் தந்தமுடையவை அறுபதுக்குச் சற்று மேற்பட்டவையே. இலங்கை யானைகளில் கொம்பன் மிக அரிது. நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை என்று டெனண்ட் எழுதுகிறார். அக்காலப் பிரித்தானியப் படையில் பதவி உயர்வைப் பெரும்பாலும் பணங்கொடுத்தே வாங்கவேண்டும். அவ்வழக்கம் 1871இலேதான் ஒழிந்தது. றொஜர்ஸ் தந்தம் விற்ற பணத்தால் தமது உயர்வுகளை வாங்கினார் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். அப்படியாயினும் அறுபது யானை அதற்குப் பயன்பட்டது. எஞ்சிய ஆயிரத்து முந்நூறும் எதற்காக மாண்டன? இறைச்சியை உண்பார் இல்லை. தோலுக்கும் விலையில்லை. வாலை அறுத்து எடுத்துக்கொள்வது வேட்டைக்காரர் வழக்கம். பிற யாவும் காட்டிலேயே அழுகிற்று.

அவருடைய துணிவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்நாளைய துப்பாக்கி வாய்வழியே மருந்து கெட்டிப்பது. ஒரு குழலுக்கு ஒரு வெடி. பின்னர் நின்று நிதானித்துக் கெட்டிக்கவேண்டும். அதனால் வேட்டைக்காரன் பத்துப் பதினைந்து அடித் தூரம்வரை நெருங்கி, நெற்றியிலோ பொட்டிலோ குறிவைத்துச் சுடுவான். குறி தவறினால் பின்னால் நிற்கும் துப்பாக்கிக்காரன் அடுத்ததை நீட்டவேண்டும். அவன் ஓடிவிட்டால் கதை முடிந்தது. ஒருமுறை றொஜர்ஸின் கதை அப்படியே முடியப் பார்த்தது. யானை அவரைத் துதிக்கையாற் பற்றி எறிந்து காலால் மிதித்தது. வலக்கையும் விலா எலும்புகளும் முறிந்தன. ஆயினும் அவர் அசையாது, ஒலி எழுப்பாது கிடந்தார். யானை விட்டுச் சென்றது. எலும்பு கூடியதும் மீண்டும் காட்டுக்குப் புறப்பட்டார். வெள்ளையருடைய விருந்துகளில் இந்த நிகழ்ச்சி பல்லாண்டு பேசப்பட்டது. ஆனால் துப்பாக்கியை நீட்டிய மனிதர்களின் பெயரை, ஓடாமல் நின்றவரது பெயரையாவது, யாரும் எழுதி வைக்கவில்லை.

இதனை வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடவும் கூடாது. யானையைக் கொல்வது அக்காலத்தில் அரசாங்கத்தின் கொள்கை. தலைக்குச் சில சிலிங் வீதம் பரிசு கொடுக்கப்பட்டது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில்மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதென்றும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகள் அவ்வாறே அழிக்கப்பட்டனவென்றும் டெனண்ட் குறித்திருக்கிறார். பரிசுக்குச் சுட்டவர்களிற் பலர் நாட்டுப்புறத்தார். சேனைப் பயிரைக் காவல் காத்து உறக்கமிழந்த குடியானவனுக்கு யானை மாண்டது துயரச் செய்தியாக இருந்திராது. மேஜரை வியந்தவர்களில் அத்தகையோரும் இருந்திருக்கலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது, அது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உறுதியில்லாத காடும் சேனையும் முடிக்குரியவை என்றாயின. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அவை விற்கப்பட்டன. 1844இல் விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. மலைச்சரிவுகளைத் துரைமார் போட்டியிட்டு வாங்கினர். காடு தோட்டமாக வேண்டுமானால் மூன்று காரியம் நடக்கவேண்டும்: மரம் விழவேண்டும், யானை நீங்கவேண்டும், பாதை வரவேண்டும். றொஜர்ஸ் பகலிற் செய்த உத்தியோகமும், ஓய்விற் செய்த வேட்டையும் வேறு வேறானவை என்று அவருடைய நண்பர்கள் எண்ணினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மலைநாட்டில் நல்ல வாட்டமறிந்து தடம் பதிப்பதில் யானைக்கு நிகரில்லை. செங்குத்தான சரிவிலும் வளைந்து வளைந்து, மிகக் குறைந்த ஏற்றத்தில் கணவாயைச் சென்றடையும் வழியை அது கண்டுபிடித்துவிடும். கைதேர்ந்த பொறியியலாளனும் நாணத்தக்க வகையில் அத்தடங்கள் அமைந்திருந்தன என்பது டெனண்ட் போன்றாரின் சாட்சி. பாதை வகுத்தவர்கள் பல இடங்களில் அவற்றையே பின்பற்றினர். வழிகாட்டியவனை வழியினின்று அகற்றினர்.

பாதையை வெட்டியவர் யார்? 1832 அளவில் இராஜகாரியம் ஒழிந்தது. ஊராரைக் கூலியின்றி வேலைக்கு இழுக்கும் அதிகாரம் போயிற்று. சம்பளத்துக்கு ஆள் வேண்டியதாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கும் ஆள் வேண்டியதாயிற்று. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம்மவர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை நடந்தனர். ஊவாவுக்கு வருவோர்க்கு மாத்தளையிலும் வழி முடிவதில்லை. கண்டியைக் கடந்து, மலைமேல் மலையாக இன்னும் பல நாள் நடை. பேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர் எத்தனை பேர்? 1841 முதல் 1849 வரை எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849இல் எழுதிற்று. அத்தொகை மிகை என்று வாதிக்கும் அறிஞரும் உளர். மேஜர் சுட்ட யானைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்த ஒரு சமூகம், பாதையோரம் விழுந்த மனிதரை எண்ணி வைக்கவில்லை என்பதே அந்த விவாதத்துக்குக் காரணம்.

1845 ஜூன் 7ஆம் திகதிக்கு வருவோம். மேஜர் அப்புத்தளையில் வழித்தங்கல் விடுதியில் இருந்தார். அப்புத்தளையை அறிந்தவர்களுக்கு அவ்விடத்தின் அமைப்புத் தெரியும். மலைத்தொடர் அங்கே கத்தி முனைபோல் ஒடுங்குகிறது. ஒருபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு. மறுபுறம் நாலாயிரம் அடிக்குமேல் தென்சமவெளிவரை ஒரே இறக்கம். இருபுறத்துக் காற்றும் முட்டிக்கொள்ளும் வாசல் அது. அன்று இடியும் மின்னலுமாகப் புயல் வீசியது. சற்றே ஓய்ந்ததுபோலத் தோன்றவே, புறப்படலாமா என்று பார்க்க மேஜர் தாழ்வாரத்துக்கு வந்தார். புயல் கழிந்தது என்று உள்ளே இருந்தோரை நோக்கி அவர் சொன்னதாகவும், சொன்ன கணமே மின்னல் தாக்கியதாகவும் கூறுவர். கூட இருந்தோர் உயிர் தப்பினர். உடலை மலைவழியே நுவரெலியாவுக்குச் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். அந்தச் சமாதி குழிப்பந்தாட்டத் திடலின் அருகே இன்றும் இருக்கிறது. கல் வெடித்திருப்பதும் உண்மை. அதைப் பிளந்தது இடியா, பனியா, வேர்விட்ட மரமா என்று கேட்டால் கதை சொல்வோருக்குக் கோபம் வரும்.

கர்மவினை என்று அன்றைக்கே ஊரார் பேசினர். கொலை செய்தவனை விதி தேடிவந்து கொன்றது என்பது கேட்பவர் மனத்துக்கு ஆறுதல் தரும் விளக்கம். ஆனால் இக்கதையில் ஒரு வசதி மறைந்திருக்கிறது. எல்லாப் பழியும் ஒருவர் தலையில் இறங்கி, ஒரே மின்னலில் தீர்ந்துவிடுகிறது. பரிசுப் பணம் கொடுத்த கச்சேரி, காட்டை ஏலம்போட்ட தேசாதிபதி, மலைச்சரிவை வாங்கிய வியாபாரி ஆகியோர்மேல் எந்த இடியும் விழவில்லை. மேஜர் இறந்த பின்னரும் பரிசு கொடுக்கப்பட்டது, காடு விற்கப்பட்டது. யானைகள் மலைநாட்டினின்று மறைந்தது அவருடைய துப்பாக்கியால் மட்டுமன்று. அவை உண்ட காடே கோப்பியாகவும் பின்னர் தேயிலையாகவும் மாறியதால். 1869இல் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதல் தென்பட்டதும் ஊவாவிலே, மடுல்சீமைத் தோட்டமொன்றில்தான். கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. 1893இல் அப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்தது. மேஜர் அறிந்த ஊவாவின் அடையாளமாகச் சில பாதைகளின் வளைவுகளே மிஞ்சின.

அந்த வளைவுகளில் இப்போது பசறைக்கும் லுணுகலைக்கும் பஸ்கள் ஓடுகின்றன. காலையில் பெரட்டுக்குப் போகும் பெண்கள் கூடையுடன் அவற்றின் ஓரமாக நடக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரிற் பலருக்கு 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாது போயிற்று. அந்தக் கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. எல்லாத் தரத்தாரும் கூடி மேஜருக்கு ஆலயம் கட்டினர் என்று கல் சொல்கிறதே, அந்த எல்லாத் தரத்தாருள் மண்வெட்டி பிடித்தவரும் அடக்கமா என்பதை அறிய ஒரு பட்டியலும் எங்கும் இல்லை.

யானைகளோ சமவெளிக்கு இறங்கிவிட்டன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காத்தது. 1972இல் உடவளவை தேசிய வனமாயிற்று. ஆயினும் 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட சண்டையில் மாண்டனர். வானம் தெளிந்த இரவில் அப்புத்தளையில் நின்று தெற்கே நோக்கினால், கீழே வெகுதூரத்தில் வெளிச்சங்கள் தெரியும். அவற்றுக்கிடையே இருள் திட்டுத்திட்டாகக் கிடக்கும். அந்தச் சமவெளியில் வெல்லவாயப் பக்கத்துக் குடியானவன் ஒருவன் மரத்தின்மேற் கட்டிய பரணில் யானை வெடியும் தீக்குச்சியும் வைத்துக்கொண்டு, தன் சோளப் பயிரைப் பார்த்தபடி விழித்திருப்பான்.